தூசுக்கு மெருகு

2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு கோலார் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அடுத்த மாதமே கவுன்டர்-ஸ்ட்ரைக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ‘டஸ்ட் 2’ என்ற களம் வந்தது. எங்களைக் கேட்டுத்தான் பெயர் வைத்தார்களோ என்னவோ. காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசு, மூடி வைத்த சோற்றுப் பானையிலும் வந்து உட்காரும் ஊர் இது.

அந்த விளையாட்டை அன்று ஓட்டிய எஞ்சினுக்குப் பெயர் கோல்ட்சோர்ஸ். இங்கே தங்கம் நின்றது. ராபர்ட்சன்பேட்டை பிரவுசிங் சென்டரில், எழுத்தழிந்த கீபோர்டில், அந்தத் தங்கம் மட்டும் ஓடியது.

2023 செப்டம்பரில் வால்வ் நிறுவனம் எஞ்சினை மாற்றி இரண்டாம் பாகத்தை இறக்கியது. புகைக்குண்டுப் புகை இப்போது சந்து பொந்தெல்லாம் பார்த்து நிரம்புகிறது. பழைய கம்ப்யூட்டர்களுக்கு வாசலோடு கும்பிடு.

எங்களுக்கும் ஒருமுறை கிராபிக்ஸ் ஏற்றினார்கள். 2018-இல் ‘கே.ஜி.எஃப்’ படத்தில் ஊர் கன்னங்கரேலென்று கம்பீரமாக இருந்தது. பார்க்க வந்தவர்கள் மேட்டில் ஏறி செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். கீழே சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் தகரக் கூரை பழைய வெர்ஷனிலேயே இருக்கிறது.

அக்கா மகன் கிராபிக்ஸ் கார்டு கேட்கிறான். விலை, அவன் அப்பா விடியற்காலை ரயிலில் நின்றபடியே பெங்களூர் போய்வந்து வாங்கும் ஒரு மாதச் சம்பளம்.

“எதுக்குடா இவ்வளவு காசு?”

“தூசுகூட தத்ரூபமா தெரியும் மாமா.”

எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன்.