கெட்டி மண்ணில் குழி தோண்டும் கைக்கருவியைத் தெரிந்தெடுத்தல்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

வேலிக்குக் கல்லுக்கால் நடும் குழி, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பெரும்பாலும் இரண்டடி ஆழத்தோடு நின்றுவிடும். ஏழடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள் போனால் காற்றுக்கும் மாட்டுக்கும் தாங்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் பொறியியல் காரணம். உண்மைக் காரணம் உடற்கூறு சார்ந்தது. வரப்பில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டால், தோள்பட்டை குழியின் விளிம்பில் இடிக்கும்போது விரல்நுனி எட்டும் தூரம் ஏறக்குறைய இரண்டடி. அதற்குக் கீழேயும் கொத்தலாம். கொத்திய மண்ணை யார் அள்ளுவது?

குழியின் அகலமும் அப்படித்தான். அதை முடிவு செய்வது கல்லுக்கால் அன்று; மண்ணை வாரப் போகும் கையும் அந்தக் கையிலிருக்கும் கொட்டாங்குச்சியும். இவை இரண்டும் தாராளமாகப் புழங்க ஓரடி விட்டம் வேண்டும். ஓரடி விட்டமும் இரண்டடி ஆழமும் உள்ள உருளைக் குழியில் சுமார் 44 லிட்டர் மண் இருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்தால் 67 கிலோ. அதே குழியை ஒன்பது அங்குல விட்டத்தில் எடுத்தால் 37 கிலோவோடு முடிந்துவிடும். சதுரமான ஓர் ஏக்கரைச் சுற்றிப் பத்தடிக்கு ஒரு கால் வீதம் 84 கால் நட வேண்டும். ஆக, அந்த மூன்று அங்குலத்துக்காக வெட்டி அள்ள வேண்டிய மண் மட்டும் இரண்டரை டன். கருவி பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்த இரண்டரை டன்னை மிச்சம் பிடிக்கும் முயற்சியே.

கருவிக்கு முன் மண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரை வண்டல் எதைக் கொண்டு தோண்டினாலும் இடம் கொடுக்கும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் மேட்டாங்காடுகளின் கதை வேறு. மேலே ஓரடிக்கும் குறைவாகச் செம்மண், அதன் கீழே சரளை, சரளைக்கு நடுவே வெங்கச்சங்கல், சில இடங்களில் சுக்கான், அதற்கும் கீழே எப்போது வருமென்று சொல்ல முடியாத பாறை. செம்மண்ணே சித்திரை வெயிலில் காய்ந்தால் குச்சிக்கிழங்கைப் பிடுங்கவிடாது. செடி கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நின்றுவிடும்.

கனிமங்களின் கடினத்தை அளக்க பிரெடரிக் மோஸ் 1812இல் பத்துப் படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். குழி தோண்டுவதற்கு அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை, காது போதும். கடப்பாரையைப் போட்டால் 'சதக்' என்றால் மழை பெய்து பதமான மண். 'டொக்' என்றால் காய்ந்த செம்மண். 'கறுக்' என்பது சரளை. 'ணங்' என்று கேட்டு, முனையில் பொறி பறந்து, அதிர்வு முழங்கை வரை ஏறினால் பாறை, அல்லது பாறை என்று நினைக்க வைக்கும் அளவுக்குப் பெரிய வெங்கச்சங்கல். மோஸ் கணக்கில் வெங்கச்சங்கல்லின் கடினம் 7. சாதாரணக் கடப்பாரை இரும்பு அதற்குக் கீழேதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1830களில் ஹீத் துரை பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பு ஆலைக்குத் தாது போனது சேலம் மாவட்டத்திலிருந்து. சேலத்தை ஒட்டிய கஞ்சமலையில் அந்த இரும்புத் தாதும் வெங்கச்சங்கல்லின் கனிமமும் ஒரே பாறையில் வரி வரியாகக் கலந்து கிடக்கின்றன. குழிக்குள் மோதிக்கொள்வது பங்காளிகள்.

கைக்கருவிகளில் ஆராயத் தக்கவை மூன்று. பெட்ரோல் மெஷின் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. சரளையில் கல் சிக்கினால் அது குழியை விட்டுவிட்டு ஆளைத் திருகப் பார்க்கும் என்று மட்டும் சொல்லி வைக்கலாம்.

முதலாவது, திருகி இறக்கும் கை ஆகர். மேலே குறுக்குப்பிடி, கீழே சுருள் தகடு. வண்டலிலும் ஈரச் செம்மண்ணிலும் ஆறு அங்குலக் குழியை அழகாக, வட்டமாக, நேராக எடுத்துத் தரும். சரளையில் முதல் கூழாங்கல் தகட்டின் வாயில் சிக்கியதும் வேலை நின்றுவிடும். அதற்கு மேல் எவ்வளவு பலம் போட்டாலும் சுற்றுவது ஆள்தான்.

இரண்டாவது, இரட்டைவாய்த் தோண்டி. வளைந்த இரு தகடுகளை எதிரெதிராக வைத்துக் கீல் போட்டு இணைத்து, நீளக் கைப்பிடி போட்டது. சேர்த்துப் பிடித்துக் குத்தி, கைப்பிடிகளை விரித்தால் கீழே வாய் மூடி மண்ணைக் கவ்வும். படம் பார்த்து வாங்குகிறவர்கள் இது தோண்டும் என்று நம்புகிறார்கள். இது அள்ளும், தோண்டாது. காய்ந்த செம்மண்ணில் குத்தினால் தகடு துள்ளித் திரும்பும். ஆழம் போகப் போக இன்னொரு குறையும் தெரியும்: கைப்பிடிகளை விரிக்க மேலே இடம் வேண்டுமாதலால் அவை குழியின் விளிம்பில் முட்டும், விளிம்பை அகலமாக்க வேண்டிவரும். ஆனால் ஏற்கெனவே கடப்பாரையால் இளக்கிய மண்ணை அள்ள இதைவிட நல்ல கருவி கிடையாது. குப்புறப் படுக்க வேண்டியதில்லை, தோள்பட்டைக்கும் வேலையில்லை, ஓரடி விட்டம் ஒன்பது அங்குலமாகச் சுருங்கும். மேலே சொன்ன இரண்டரை டன் இங்கேதான் மிச்சமாகிறது.

மூன்றாவது, கடப்பாரை. எல்லா மண்ணிலும் வேலை செய்வது இது ஒன்றே. ஆறு கிலோக் கடப்பாரையை இரண்டடி தூக்கி விட்டால், கையின் அழுத்தத்தைச் சேர்க்காமலே சுமார் 35 ஜூல் ஆற்றல் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் இறங்குகிறது. கனம் கூடினால் நல்லதுதானே என்று எட்டுக் கிலோ வாங்குகிறவர்கள், அதைத் தூக்குவதும் தாங்களே என்பதை மறந்துவிடுகிறார்கள். குழிக்கு நூறு குத்து என்று கொண்டால், 84 குழிக்கு அந்த இரண்டு கிலோ 16.8 டன் கூடுதல் சுமையாகும். நாமக்கல்லில் அதற்கு லாரி வைப்பார்கள். ஆளின் நெஞ்சு உயரத்துக்குக் குறையாத நீளம், ஆறு கிலோவுக்கு மிகாத எடை, ஒரு முனை கூராகவும் மறுமுனை உளிவாயாகவும் இருப்பது உத்தமம். கூர்முனை சரளையைக் கிளப்பும். உளிவாய் குழியின் சுவரைச் செதுக்கும். முனை மழுங்கினால் பட்டறையில் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் போட்டு வாங்க வேண்டும். தோய்ச்சல் அதிகமானால் வெங்கச்சங்கல்லில் முனை தெறிக்கும், குறைந்தால் வளையும்.

நான்காவது கருவி கடையில் கிடைக்காது: ஒரு குடம் தண்ணீர். அரையடி கொத்தி, நிரம்ப ஊற்றி, இரவு ஊறவிட்டு மறுநாள் தொடர்ந்தால் 'டொக்' பெரும்பாலும் 'சதக்' ஆகிவிடும். 'ணங்' ஆகாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆயிரம் அடி போர் போடுகின்றன. அவை புறப்படும் ஊரிலேயே இரண்டடிக் குழிக்கு முதல் நாள் சாயங்காலம் குடம் தூக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றரை அடியில் பாறை வந்தால் குழியை நகர்த்த வேண்டும். இது நிலவியல் சிக்கல் அன்று, வருவாய்த்துறைச் சிக்கல். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கும்பினியார் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் காடு காடாக அளக்கத் தொடங்கினார்கள். எல்லைக் கற்களுக்கென்று 1923இல் தனிச் சட்டமே வந்தது. வேலியின் நீளவாக்கில் அரையடி நகர்த்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். குறுக்குவாக்கில் நான்கு விரல் நகர்ந்தால் பக்கத்துக் காட்டுக்காரர் வந்து நிற்பார். "ஏனுங்க, கல்லு நம்ம பக்கம் வர்றாப்ல இருக்குதுங்களே?" இந்த வாக்கியத்தில் மரியாதை கூடக் கூட ஆபத்தும் கூடும்.

எனவே மேட்டாங்காட்டுக்கு ஆறு கிலோக் கடப்பாரை ஒன்று, இரட்டைவாய்த் தோண்டி ஒன்று, ஆற்றோரத்துக்கு ஆகர். ஆனால் நடைமுறையில் பலரும் கருவியைத் தெரிந்தெடுப்பதில்லை. கருவி வைத்திருப்பவரைத்தான் தெரிந்தெடுக்கிறார்கள். இரவல் கடப்பாரை விஷயத்தில் வழக்கம் தெளிவானது: கொடுத்தவர் முனையைத் தடவிப் பார்த்துக் கொடுப்பார், திரும்ப வாங்கும்போதும் தடவிப் பார்ப்பார். மழுங்கியிருந்தால் பட்டறைக் கூலி வாங்கியவர் தலையில். இரட்டைவாய்த் தோண்டிக்கு அப்படியொரு வழக்கம் இன்னும் ஏற்படவில்லை. அதனால் அதை யாரும் இரவல் கொடுப்பதில்லை.