கட்டினது யாருங்க?

கல்யாண நாளுக்கு எங்கேயாவது போக வேண்டும் என்ற வழக்கம் எங்கள் அப்பா அம்மா காலத்தில் கிடையாது. தேதி ஞாபகம் இருந்தால் மருதமலைக்கு ஒரு நடை. மறந்துபோனால் அதற்குப் பரிகாரமும் மருதமலைதான். ஹூஸ்டனில் அப்படித் தப்பிக்க முடியாது. கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போதே, 'இந்த வருஷம் எங்கே போறீங்க?' என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். 'வீட்லதாங்க' என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் மனைவிக்காக அங்கேயே ஓர் இரங்கல் கூட்டம் நடந்து முடிந்துவிடும்.

இது வெள்ளி விழா வேறு. அதனால் அம்மிணியிடமே கேட்டேன். நிபந்தனைகள் மளமளவென்று வந்தன. விமானம் ஆகாது, கடல் மணல் ஆகாது, மலையேறச் சொல்லக் கூடாது, பிள்ளைகள் கூட வரக் கூடாது. இத்தனையையும் கழித்துப் பார்த்தால், ஆறு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் மிஞ்சியது நாச்செஸ்.

மிசிசிப்பி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், அதே பெயர் கொண்ட ஆற்றுக்கு மேலே இருநூறு அடி உயர மேட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர் அது. 1716-ல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ரோசலி கோட்டையைக் கட்டினார்கள். நியூ ஆர்லியன்ஸ் பிறந்தது 1718-ல். புகழெல்லாம் இளைய மருமகளுக்குப் போய்விட, மூத்த மருமகள் பந்தியில் பேசுவாளே, அந்தக் குரலில்தான் ஊர்க்காரர்கள் இந்த இரண்டு வருஷ மூப்பைச் சொல்கிறார்கள். ஊருக்குப் பெயர் தந்த நாச்செஸ் பழங்குடிகள் 1729-ல் கிளர்ந்தெழுந்து கோட்டையை அழித்தார்கள். பதிலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களைக் கொன்றும், சிறைபிடித்து விற்றும், விரட்டியும் சிதறடித்துவிட்டு, பெயரை மட்டும் ஊருக்கு வைத்துக்கொண்டார்கள்.

லூசியானா பக்கமுள்ள விடேலியாவில் பாலம் ஏறியதும் ஆறு தெரிந்தது. நொய்யல் கரையில் வளர்ந்தவளுக்கு ஆற்றில் தண்ணீர் ஓடுவதே பார்க்க வேண்டிய காட்சிதான். "ஏனுங்க, இத்தனையும் தண்ணியா?" என்றாள். இந்தத் தண்ணீர் வழியாகத்தான் பருத்திப் பொதிகள் நியூ ஆர்லியன்ஸுக்கும் அங்கிருந்து லிவர்பூலுக்கும் போயின. பணம் திரும்பி வந்து தூண் வைத்த மாளிகைகளாக நின்றது. உள்நாட்டுப் போரின்போது, 1862-ல், நாச்செஸ் பெரிய சண்டை எதுவும் போடாமல் வடக்குப் படையிடம் சரணடைந்துவிட்டது. அதனால்தான் இத்தனை வீடுகள் மிச்சம். கல்யாணத்திலும் இதே கதைதான். சீக்கிரம் சரணடைந்தவன் வீட்டில்தான் பாத்திரம் பண்டம் உடையாமல் இருக்கும்.

நாங்கள் தங்கியதும் ஒரு பழைய வீடு. அறை நிறைய ஒரு நாலு தூண் கட்டில். அதில் ஏறுவதற்குத் தனியாக ஒரு மரப்படி. மெத்தை என் இடுப்புக்கு மேலே இருந்தது. அம்மிணி அண்ணாந்து பார்த்துவிட்டு, "மலையேறச் சொல்லக் கூடாதுன்னு சொன்னனுங்களே?" என்றாள். ராத்திரி எழுந்தால் அந்தப் படி எந்தப் பக்கம் இருக்கிறது என்று இருட்டில் காலால் துழாவ வேண்டும். அந்தக் காலத்துக் கனவான்கள் நடு ராத்திரியில் எழாமலே இருந்தார்களா, இல்லை விழுந்து எழுந்தார்களா என்பது பற்றி வரலாற்றுப் பலகை எதிலும் குறிப்பில்லை.

காலைச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே மேஜையில். அலபாமாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா, நாங்கள் எப்படிச் சந்தித்தோம் என்று ஆசையாகக் கேட்டார். நான் அவளுக்கு அத்தை மகன் என்றேன். மேஜையில் கரண்டிகள் அப்படியே நின்றன. வீட்டுக்கார அம்மாள்தான் கைகொடுத்தார். இந்த ஊர்ப் பண்ணைக் குடும்பங்களிலும் அந்தக் காலத்தில் சொந்தத்துக்குள் கட்டிக்கொடுப்பது சகஜம், நிலம் கைமாறிவிடக் கூடாது என்ற கவலை என்றார். அம்மிணி புன்னகை மாறாமல் என் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னாள்: "எல்லா ஊர்லயும் ஒரே ரோசனைதானுங்க. எங்கப்பன் குடுத்த ரெண்டு ஏக்கர்ல இப்ப போர் போட்டாலும் தண்ணி வரமாட்டீங்குது."

மதியச் சாப்பாட்டில் வேறு சோதனை. சனிக்கிழமை அவள் கவுச்சி தொடமாட்டாள். உணவகத்தில் 'காய்கறித் தட்டு' என்று போட்டிருந்ததைப் பார்த்து நிம்மதியாகக் கேட்டோம். அமெரிக்கத் தெற்கில் மாக்கரோனியும் சீஸும் காய்கறிக் கணக்கில் சேர்த்தி என்று அன்றுதான் தெரிந்தது. கீரையில் மாமிசம் உண்டா என்று கேட்டோம். பரிமாறிய பெண், "இல்லவே இல்லை, கண்ணு" என்று அடித்துச் சொல்லிவிட்டு, "வாசத்துக்குக் கொஞ்சம் பன்றிக்கறி, அவ்வளவுதான்" என்றாள். அம்மிணி சோள ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டுப் பெருமாளைக் காப்பாற்றினாள்.

பிறகு மாளிகைகள். வீடுகளைத் திறந்து காட்டும் இந்தத் தொழில் தொடங்கிய கதையே சுவையானது. 1931 வசந்தத்தில் மாநிலத் தோட்டக் கழகங்களின் கூட்டம் நாச்செஸில் கூடியது. தோட்டங்களைக் காட்டலாம் என்று பார்த்தால், கடைசி நேரப் பனியில் பூவெல்லாம் கருகிப்போயிருந்தது. வேறு வழியில்லாமல் ஊர்ப் பெண்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். வந்தவர்கள் பூவைக் கேட்கவே இல்லை. மறு வருஷமே 'பில்கிரிமேஜ்' என்ற பெயரில் அதையே திருவிழா ஆக்கினார்கள். பொருளாதார மந்தத்தில் ஆண்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது. பாட்டியின் வளையம் வைத்த பாவாடையைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, கூரை ஒழுகும் வீட்டைக் காசாக்கியவர்கள் பெண்கள். காசு வந்ததும் பங்கு பிரிப்பதில் தகராறு. கழகம் இரண்டாக உடைந்தது. விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போனது. மகளிர் சுயஉதவிக் குழு நடத்திய அனுபவம் உள்ளவளாதலால், இந்த இடத்தை மட்டும் அம்மிணி எதிர்க்கேள்வி இல்லாமல் கேட்டாள்.

மற்ற இடங்களில் அவளுக்கு ஒரே கேள்விதான். முதல் வீட்டு வழிகாட்டி, 'இதை இன்னார் இந்த ஆண்டு கட்டினார்' என்று தொடங்கியதுமே என் காதில், "கட்டினது யாருங்க, கொத்தனாருங்களே?" என்றாள். தாஜ்மகாலைக் கட்டியது யார் என்று வாத்தியார் கேட்டால் கடைசி பெஞ்சில் இருந்து வருமே, அதே பழைய பதில். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, கையைத் தூக்கி ஆங்கிலத்திலும் கேட்டுவிட்டாள். வழிகாட்டி மழுப்பாமல் பதில் சொன்னார்: செங்கல் அறுத்ததும் சுமந்ததும் பெரும்பாலும் அடிமைகள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடும் வேறு மாதிரித் தெரிந்தது. ஸ்டான்டன் ஹால் 1857-ல் முடிந்தது. ஒரு தெருச் சதுக்கத்தையே வளைத்துக்கொண்டு நிற்கிறது. அயர்லாந்திலிருந்து வந்து பருத்தி வியாபாரத்தில் கொழித்த ஃபிரெடரிக் ஸ்டான்டன் அதில் அதிக நாள் வாழவில்லை. 1859-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். மெல்ரோஸ் மாளிகையின் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மரத்தில் செதுக்கிய பெரிய விசிறிப் பலகை ஒன்று தொங்குகிறது. பார்த்ததும், "இது நம்மூர் கலெக்டர் பங்களா பங்கா ஆச்சேங்க!" என்றாள். இந்தியாவில் வெள்ளைக்காரன் தலைக்கு மேல் ஆடிய அதே சாமான்தான், கடல் கடந்து இங்கே வந்திருக்கிறது. விருந்தாளிகள் சாப்பிட்டு முடிக்கும்வரை மூலையில் நின்று கயிறு இழுத்தது ஓர் அடிமைச் சிறுவன். கயிறு இருக்கிறது. பையன் பெயர் பலகையில் இல்லை.

நான் ஆவலோடு காத்திருந்தது லாங்வுட்டுக்கு. எண்கோண வடிவம், உச்சியில் வெங்காயக் குமிழ் போல ஒரு கோபுரம், திட்டத்தில் 32 அறைகள். ஹாலர் நட் என்ற பருத்திச் சீமான் 1860-ல் ஆரம்பித்தார். மறு வருஷம் போர் வந்தது. பிலடெல்பியாவிலிருந்து வந்த தச்சர்கள் கருவிகளைப் போட்டது போட்டபடி ஊர் திரும்பிவிட்டார்கள். அடித்தளத்தில் 9 அறைகள் மட்டும் எப்படியோ முடிந்தன. நட் 1864-ல் இறந்துபோனார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்த அடித்தளத்திலேயே குடியிருந்து, போரில் அழிந்த சொத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு அரசாங்கத்துக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். மேல்மாடிக்குப் போனால் பூசாத செங்கல், மூடாத உத்தரங்கள், அன்று விட்டுப்போன பெட்டிகள். அண்ணாந்து பார்த்தால் கோபுரத்தின் உட்புறம் வரை ஒரே வெற்றிடம்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஹூஸ்டன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நான் தொடங்கிய தாழ்வாரம் ஒன்று, தூண்களோடு, தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. பல மாரிகளைப் பார்த்துவிட்டது. "பாத்தியா அம்மிணி? 1861-லிருந்து அப்படியே நிக்குது. யாரும் குறை சொல்லலை. டிக்கெட் வேற போடறாங்க" என்றேன்.

"டிக்கெட் காசு அந்தம்மாவுக்கா போச்சு?" என்றாள். அத்தோடு மாடிப் பகுதி முடிந்தது.

கீழே, கண்ணாடிக் கிண்ணத்தில் வெடித்த பருத்திக் காய்கள் வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்க்கலாம் என்றதும் அம்மிணி ஒரு சுளையைப் பிய்த்தாள். அவள் தாத்தா திருப்பூரில் ஜின்னிங் பாக்டரி வைத்திருந்தவர். கொட்டையை ஒதுக்கிவிட்டு, பஞ்சை இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கும் நடுவில் பிடித்து மெல்ல இழுத்தாள். ஒரு பாதியை இன்னொன்றின் மேல் படிய வைத்து, திரும்ப இழுத்தாள். இழைகள் சீராகப் படிந்து, கண் இமை மாதிரி ஒரு வரிசையாக நின்றன. "ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. பரவால்லீங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். வழிகாட்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அவர் பங்குக்கு ஒரு தகவல் தந்தார். ஹாலர் நட்டின் தகப்பனார் ரஷ் நட்தான், மெக்சிகோ விதையிலிருந்து 'பெட்டி கல்ஃப்' என்ற பேர்போன பருத்தி ரகத்தை உருவாக்கியவர். என்னிடமும் ஒரு தகவல் இருந்தது. 1840-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த அமெரிக்கத் தெற்கிலிருந்து பத்துப் பண்ணைக்காரர்களைச் சம்பளம் பேசி இந்தியாவுக்குக் கூட்டிப்போனது. சென்னை மாகாணத்துக்கு வந்தவர்கள் கோயம்புத்தூர், திருநெல்வேலிக் காடுகளில் அமெரிக்க விதையை விதைத்துக் காட்டினார்கள். தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட்தான் கோவையில் மேற்பார்வை. வருஷக்கணக்காக முயன்றும் கம்பெனி நினைத்தபடி நடக்கவில்லை.

"கருங்கண்ணிப் பருத்தி வெளஞ்ச மண்ணுல வந்து நமக்குப் பாடமா?" என்று அம்மிணி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "இங்க வெளைய வெச்சது இவங்க இல்லையே. வேல தெரிஞ்சவங்களை விட்டுப்போட்டு மேஸ்திரிகளை அனுப்பிச்சா எப்படி வெளையும்?" என்றாள். கம்பெனியின் தோல்விக்கு மண், மழை, விலை என்று பல காரணங்கள் புத்தகங்களில் படித்திருக்கிறேன். இந்தக் காரணத்தை எவரும் எழுதவில்லை.

வேலை தெரிந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு ஊர் எல்லையில் பதில் இருக்கிறது. 'ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோட்' என்ற முச்சந்தி. ஆழ்தெற்கில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை அங்கேதான் நடந்தது. வர்ஜீனியா பக்கத்திலிருந்து கப்பலிலும், சங்கிலி பூட்டிக் கால்நடையாகவும் ஆட்களைக் கொண்டுவந்து விற்றார்கள். இன்று அங்கே மாளிகையும் இல்லை, வளையப் பாவாடையும் இல்லை. ஒரு புல்வெளி, சில பலகைகள், தரையில் சிமெண்டுக்குள் பதித்து வைத்த விலங்குகள். 1863-ல் வடக்குப் படை ஊரில் முகாமிட்டதும் சந்தை நின்றது. அந்தக் கொட்டடிகளைப் பிரித்துப் போட்டு, மரத்தை எடுத்துத் தங்கள் படைக் கொட்டகைக்குப் பயன்படுத்தியவர்கள் கறுப்பினப் படைவீரர்கள். அம்மிணி எல்லாப் பலகைகளையும் ஒரு வரி விடாமல் படித்தாள். கொத்தனார் நகைச்சுவையை அதற்குப் பிறகு நாங்கள் இருவருமே சொல்லவில்லை.

ஊரை விட்டுக் கிளம்பும் முன் வில்லியம் ஜான்சன் வீட்டையும் பார்த்தோம். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற முடிதிருத்துநர்; சொந்தக் கடை வைத்தவர். அவரும் அடிமைகளை வைத்திருந்தார் என்பது கசப்பான உண்மை. 1835-லிருந்து 1851-ல் சுட்டுக் கொல்லப்படும்வரை நாட்குறிப்பு எழுதினார்: யார் கடன் பாக்கி, யார் யாரோடு சண்டை, எந்தக் குதிரை ஜெயித்தது என்று எல்லாம். சீமான்களின் தாடியை மழித்துக்கொண்டே ஊரை முழுசாக ஏட்டில் ஏற்றிவிட்ட மனுஷன். "எழுதி வெச்சவனுக்குத்தானுங்க பேரு நிக்குது" என்றாள்.

வீடு திரும்பிய வாரமே அவள் ஆள் பிடித்துவிட்டாள். ஹோண்டுராஸிலிருந்து வந்த மேஸ்திரியும் அவர் கூட்டாளிகளும் தார்ப்பாயை உருவிப் போட்டு, தாழ்வாரத்தைக் கடகடவென்று முடித்தார்கள். தரை காங்கிரீட் ஈரமாக இருக்கும்போதே ஓர் ஆணியைக் கொடுத்து, அவரவர் பெயரை அவரவர் கையாலேயே ஓரத்தில் எழுதச் சொன்னாள். வெட்கப்பட்டார்கள், ஆனால் அழகாக எழுதினார்கள். வருஷத்தையும் போட்டார்கள்.

நானும் ஆணிக்குக் கையை நீட்டினேன். ஆரம்பித்தது நான், தூண் நட்டது நான். வரலாற்றில் ஒரு மூலையாவது வேண்டாமா?

"உங்க பேரு ரசீதுல இருக்குதுங்க மாமா" என்று ஆணியை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.