கரோல்பாக் சித்தாந்தியும் டாக்கா கடிதமும்

கேள்வி: பரமாணுக்கள் யாவும் ஓங்கார நாதத்தின் சுழிகளே என்று 40 பக்கங்களில் நிரூபித்துப் பல பேராசிரியர்களுக்கு அனுப்பினேன், ஒருவரும் பதிலெழுதவில்லை. 1924-இல் சத்யேந்திரநாத் போஸின் கடிதத்துக்கு ஐன்ஸ்டைன் பதில் போடவில்லையா?
— ஒரு வாசகர், கரோல்பாக், புது டில்லி.

பதில்: போட்டார், அதோடு நில்லாமல், கட்டுரையைத் தாமே ஜெர்மன் பாஷையில் பெயர்த்துப் பிரசுரமும் செய்வித்தார். ஆனால் போஸ் அன்று டாக்கா சர்வகலாசாலையில் பௌதிகம் போதித்தவர் என்பதையும், அவர் அனுப்பியவை சில பக்கங்களே என்பதையும் தாங்கள் மறக்கலாகாது. இரண்டு ஒளித்துகள்களை இரண்டு அறைகளில் இடுவதானால், துகளுக்குத் துகள் அடையாளம் உண்டெனில் நான்கு விதமாக இடலாம். வேற்றுமையே இல்லையெனில் மூன்றே விதந்தான். இப்படி எண்ணும் முறையைக் கைக்கொண்டே, சோதனைச்சாலைகளில் அளந்து பார்க்கப்பட்ட பிளாங்கின் கதிர்வீச்சு விதியை அவர் வருவித்துக் காட்டினார்.

1964-இல் ஒரு புதிய துகள் இருக்கவேண்டுமென்று எழுதிய பௌதிக அறிஞர் ஹிக்ஸ்கூட, அதைத் தேடிய, தங்கள் ஊர்ச் சர்வகலாசாலையாரும் பங்குகொண்ட ஜெனீவாச் சோதனையின் முடிவு 2012 ஜூலை 4 அன்று வெளியாகும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. (அவருக்கும் பொறுமை சுலபமாயிருந்திராது.)

தங்கள் கொள்கைக்கும் ஒரு சோதனை உண்டு: எலெக்ட்ரானைவிட மியூவான் என்னும் துகள் சுமார் 207 மடங்கு கனமானது. ஏன் அந்த எண் என்று பெரிய பண்டிதர்களுக்கும் இன்றுவரை விளங்கவில்லை. தங்கள் நாதச்சுழி அதை எந்தப் பக்கத்திலாவது கணக்கிட்டுச் சொல்லியிருந்தால், அந்த ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புங்கள்; இல்லையேல், மற்ற 39 பக்கங்களுக்கான தபால் செலவையும் மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.