காசு ஒரு விஷயமே இல்லை மேடம்

பெற்றோர் கூட்டத்தில் சீருடையைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறாரே, அந்த அப்பாவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. எழுந்ததும் ஒருமுறை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். பள்ளி கொடுத்த பட்டியல் நாலாக மடித்து அதற்குள் இருக்கிறது. வழக்கமான செட் இரண்டு, புதன்கிழமைக்கு வெள்ளை செட் ஒன்று, ஹவுஸ் நிறத்தில் டி-ஷர்ட், அதற்கு ட்ராக் பேன்ட், பக்கிளில் முத்திரை பதித்த பெல்ட், எலாஸ்டிக் வைத்த டை, பள்ளியின் நிறத்தில் இரண்டு கோடு போட்ட சாக்ஸ், கறுப்பு ஷூ, அது போதாதென்று வெள்ளை கேன்வாஸ் ஷூ. இவற்றையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து கூட்டியிருக்கிறார். பிள்ளைகள் இருவர் என்பதால் இரண்டால் பெருக்கியும் பார்த்திருக்கிறார். அந்தத் தொகை தூங்க விடாததால்தான் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்து, இத்தனை பேர் நடுவில் எழுந்தும் நிற்கிறார். ஆனால் வாயைத் திறந்ததும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் இது: "மேடம், காசு ஒரு விஷயமே இல்ல."

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளின் சீருடை வியாபாரம் இவ்வளவு சௌகரியமாக நடப்பதற்கு நிர்வாகத்தின் சாமர்த்தியம் பாதிக் காரணம் என்றால், இந்த ஒரு வாக்கியம் மீதிப் பாதி. இவருடைய கோபம் நியாயமானது, கணக்கும் சரியானது. ஆனால் தன்னிடம் இருக்கும் ஒரே வலுவான வாதத்தை முதல் மூச்சிலேயே எதிராளியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வழக்கை ஆரம்பிக்கிறார்.

காசு விஷயமில்லை என்று சொல்லியாகிவிட்டதால் விஷயம் என்று வேறு ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டுமே. முதலில் துணியைப் பிடிப்பார். பாலியெஸ்டர் கலந்த துணி, காற்றுப் புகாது, கழுத்தில் அரிக்கிறது. அங்கிருந்து வெயிலுக்குத் தாவுவார். 2023-இல் வெயில் தாங்காமல் பள்ளித் திறப்பை ஜூன் 1-இலிருந்து 7-க்கும், பிறகு பெரிய வகுப்புகளுக்கு 12-க்கும் சின்னப் பிள்ளைகளுக்கு 14-க்கும் அரசே தள்ளிவைத்ததைத் தேதி பிசகாமல் சொல்வார். அப்படிப்பட்ட ஊரில் எட்டு வயதுப் பிள்ளைக்கு டை எதற்கு என்று கேட்பார். டை என்றதும் வெள்ளைக்காரன் வந்துவிடுவான், வெள்ளைக்காரன் வந்தால் மெக்காலே வராமல் இருக்க மாட்டார். மெக்காலேயை அனுப்பிவிட்டுக் குழந்தை உளவியலுக்கு வருவார். நடுவில் ஒருமுறை, யாரும் கேட்காமலே, "நான் ரேட்டப் பத்திப் பேசல" என்று நினைவூட்டுவார். கடைசியாகச் சாயம். இரண்டு தோய்ப்புக்குள் நீலம் சாம்பலாகிவிட்டதைக் காட்ட ஃபோனில் படம் வைத்திருக்கிறார். அதே ஃபோனில் கடை ரசீதின் படமும் இருக்கிறது. அதை மட்டும் விரலால் வேகமாகத் தள்ளிவிடுவார். முடிக்கும்போது மறுபடியும், "காசு எவ்வளவு வேணும்னாலும் ஆகட்டும் மேடம், குவாலிட்டிதான் முக்கியம்."

இவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வேதனையே அதுதான். வெயில் உண்மை, அரிப்பு உண்மை, டை அநாவசியம் என்பதும் உண்மை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் மேடத்திடம் பதில் தயாராக இருக்கிறது. அலர்ஜி என்றால் மெடிக்கல் சர்டிஃபிகேட் கொடுங்கள், பார்க்கிறோம். டை கட்டினால் பிள்ளைக்கு ஒரு கான்ஃபிடன்ஸ் வருகிறது. வெயில் என்றால் தண்ணீர் குடிக்க மணி அடிக்கிறோம். சாயம் போகிறதா? நல்ல யோசனை சார், நோட் பண்ணிக்கொள்கிறேன். அவர் நிஜமாகவே நோட் பண்ணிக்கொள்கிறார். அடுத்த ஜூனில் அதன் பலன் தெரியும்: பெற்றோர்களின் வேண்டுகோளை ஏற்றுத் தரம் உயர்த்தப்பட்ட புதிய துணி, அதற்கேற்ற புதிய விலை, அதோடு கட்டத்தின் அளவும் மாறியிருப்பதால் பழைய சீருடை செல்லாது. கேட்டது கிடைத்துவிட்டது. காசு எவ்வளவு வேண்டுமானாலும் ஆகட்டும் என்று எழுந்து நின்று சொன்னவரிடம் காசு வாங்கியதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பணம்தான் விஷயம் என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி வேண்டியதில்லை. துணியைப் பார்த்தாலே போதும். ஒரு காலத்தில் பெரும்பாலான பள்ளிகளில் வெள்ளைச் சட்டை, காக்கி அல்லது நீல நிக்கர். துணியை கோ-ஆப்டெக்ஸில் எடுத்தாலும் சரி, கடைத்தெருவில் ரெம்னன்ட் பார்த்து எடுத்தாலும் சரி, தெருமுனை டெய்லர் தைத்துவிடுவார். கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னால் மறுவருஷம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அண்ணனுக்குச் சிறுத்தது தம்பிக்கு. வெள்ளை நிறம் எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லை, எனவே அதில் யாரும் பள்ளியின் பெயரைச் சொல்லி லாபம் பார்க்க முடியவில்லை. இன்றைய கட்டம் போட்ட துணி அப்படியில்லை. அந்தப் பழுப்பும் பச்சையும் மெல்லிய ஆரஞ்சுக் கோடும் ஒரே பள்ளிக்கென்று நெய்யப்பட்டவை. உஸ்மான் ரோடு முழுக்க ஏறி இறங்கினாலும் கிடைக்காது. பெல்ட்டுக்கு முத்திரை, சாக்ஸுக்குக் கோடு, டி-ஷர்ட்டுக்கு ஹவுஸ் பெயர். இவை எதுவும் பிள்ளையை அடையாளம் காண்பதற்காக வந்தவை என்று சொல்ல வழியில்லை, அதற்குக் கழுத்தில் ஒரு அட்டை தொங்குகிறது. வேறு கடையில் வாங்க முடியாமல் செய்வதைத் தவிர அந்த இரண்டு கோட்டுக்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. அதற்கும் மேல் சில வருஷத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். தம்பிக்காக எடுத்துவைத்திருந்த அண்ணன் சட்டை அன்றே வண்டி துடைக்கப் போய்விடும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-இல் பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. ஆனால் சீருடைக் கடையின் ரசீதில் பள்ளியின் பெயர் இருக்காது. கடை எதிர்ச்சாரியில் இருக்கும், பெயர் வேறாக இருக்கும், உரிமையாளர் யாரென்று தாளாளருக்கு ஞாபகம் வராது. பள்ளி வளாகத்திலோ, தான் குறித்துக்கொடுத்த கடை வழியாகவோ புத்தகமும் சீருடையும் விற்கக் கூடாது என்று சிபிஎஸ்இ 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பிறகு பல இடங்களில் நடந்த பெரிய மாற்றம், கட்டாயம் என்ற சொல் போய், இந்தக் கடையில் வாங்கினால் ஷேடு மாறாமல் இருக்கும் என்ற அன்பான ஆலோசனை வந்ததுதான்.

பிடிக்கவில்லையென்றால் அந்தப் பள்ளியில் ஏன் சேர்த்தாய் என்று சிலர் கேட்பார்கள், பெரும்பாலும் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டவர்கள். சேர்க்கும்போது சொல்வது கட்டணத்தை மட்டும்தான். அதைக் கட்டி முடித்து ரசீது வாங்கிய பிறகுதான் சீருடைப் பட்டியல் கைக்கு வருகிறது. அந்த நிலையில் பெல்ட் விலையைக் காரணம் காட்டி டி.சி. வாங்கிக்கொண்டு போகிறவர் யாருமில்லை என்று பட்டியல் போட்டவருக்கும் தெரியும். ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியாமல் இருக்கத்தானே சீருடை என்பது அதைவிடக் கனமான கேள்வி, அதை லேசாகத் தள்ள முடியாது. காமராஜர் ஆட்சியில் கல்வித்துறையின் பொறுப்பிலிருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி, ஊராரின் நன்கொடையிலிருந்து பிள்ளைகளுக்கு உடை வாங்கிக் கொடுக்கச் செய்ததற்குப் பின்னால் இருந்தது அந்த எண்ணம்தான். 1985-இல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை கொடுக்கத் தொடங்கியதும், 2012-13 முதல் அது ஆண்டுக்கு நாலு செட் ஆனதும் அதன் தொடர்ச்சி. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்து வரும் அந்த உடையில் அளவு சரியில்லை, தையல் விடுகிறது என்று ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் சமத்துவத்துக்கான விலையை ஏழை அப்பாவின் தலையில் அது கட்டவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக எல்லோரையும் ஒரே கடைக்கு அனுப்புவதை அந்த வரிசையில் சேர்க்க முடியாது. வெள்ளைச் சட்டையிலும் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிந்தார்கள்.

இதெல்லாம் தெரிந்த ஆள்தான் அவர். பிறகு ஏன் காசைப் பற்றி வாய் திறப்பதில்லை? இந்த இடத்தில் அவரைக் கிண்டல் செய்ய மனசு வரவில்லை. அந்த ஹாலில் நாற்காலி கிடைத்ததற்கே கொடுத்த விலை என்னவென்று அவருக்குத் தெரியும். சீட்டுப் பணம் எடுத்து அட்மிஷன் போட்டவர் அங்கே வந்து காசு அதிகம் என்று சொன்னால், சொன்ன மறுநொடி மேடம் குரலைத் தாழ்த்தி, மிகவும் கனிவாக, "டிஃபிகல்ட்டி இருந்தா தனியா வந்து பாருங்க சார், கன்செஷன் பண்ணலாம்" என்பார். முன்வரிசைத் தலைகள் திரும்பும். உரிமையாகக் கேட்டது அந்த ஒரு வாக்கியத்தில் சலுகையாக மாறிவிடும், அதற்குப் பிறகு பள்ளியில் அவர் பெயர் தனியாக வந்து பார்த்தவர். பிள்ளையின் காதுக்கும் அது போய்ச் சேரும் என்று பயப்படுகிறார், அந்தப் பயம் வீண் இல்லை. வீட்டு அம்மாக்களுக்குக் கடை கவுன்டரில் இந்தக் கூச்சம் இருப்பதில்லை. "போன வருஷம் இந்த ரேட் இல்லையே" என்று நேராகக் கேட்டுவிடுவார்கள், இவர் பக்கத்தில் நின்று சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் மைக் நீட்டப்பட்டால் அம்மாக்களில் பலரும் சாயத்துக்கும் அரிப்புக்கும் மாறிவிடுகிறார்கள். ஆக, ஒரே தொகையை ராத்திரி கூட்டிப் பார்த்த நூறு பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து, தனக்கு மட்டும்தான் அது கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, பாலியெஸ்டருக்கு எதிராகத் தலையாட்டுகிறார்கள்.

தயக்கம் புரிகிறது, ஆனால் அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. நடந்த இடங்களில் யாரோ ஒருவர் ரூபாயைச் சொல்லியிருக்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் பணம் கேட்டார்கள் என்று ஒரு குடும்பம் நீதிமன்றம் போனது. அந்தப் பிள்ளைகளின் இந்தச் செலவுகளையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு மெக்காலே வரைக்கும் போகவில்லை. இவ்வளவு கேட்கிறார்கள், எங்களால் முடியாது, கேட்பது சரியா என்பதோடு நின்றது. சிபிஎஸ்இ சுற்றறிக்கைக்கும் பின்னால் பெற்றோரின் புகார்கள் இருந்தன. அரிப்பு தனித்தனிப் பிள்ளையின் கழுத்துப் பிரச்சினையாகவே நின்றுவிடும். அதற்கு மருத்துவச் சான்றிதழ் கேட்கலாம். விலை அப்படியில்லை, அது ஹாலில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

கெஞ்சவும் வேண்டாம், தன் சம்பளத்தைச் சொல்லவும் வேண்டாம். இந்தத் துணி வெளியே கிடைக்குமா, கிடைக்காதென்றால் ஏன்? இந்த நிறம் இன்னும் எத்தனை வருஷத்துக்கு மாறாது, எழுதித் தருவீர்களா? முத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நாங்களே தைத்துக்கொள்ளலாமா? இதைக் கேட்க ஏழையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, காசை மதிக்கிறவராக இருந்தால் போதும். அந்தத் தகுதியும் அவருக்குத் தாராளமாக இருக்கிறது. அலுவலகத்தில் அவர் பர்ச்சேஸ் பார்க்கிறவர். பத்து பிளாஸ்டிக் நாற்காலி வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டார், மூன்றிலும் ஒரே கையெழுத்து தெரிந்தால் கடைக்காரனை வரவழைத்துக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். அந்த மனிதர் முத்திரை போட்ட பெல்ட்டுக்கு இரண்டாவது கொட்டேஷன் எங்கே என்று மேடத்திடம் ஒருமுறை கேட்டிருக்கலாம்.