கடலுக்கு டிக்கெட் இல்லை

போன வாரம் நாங்கள் மாமல்லபுரம் போனது கடலுக்காக. இதை முதலிலேயே எழுத்தில் போட்டுவிடுகிறேன். ஏனென்றால் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இப்போது சுற்றிக்கொண்டிருக்கும் இருநூற்றுச் சொச்சம் படங்களில் கடல் இருப்பது ஒன்றே ஒன்றில். அதுவும் என் நாத்தனார் வீட்டுக்காரரின் வலது காதுக்குப் பின்னால், ஒரு நீலக் கோடாக.

நாத்தனார் வீட்டுக்காரர் என்றால் எங்கள் குடும்பத்துக்கு ஒரே மாப்பிள்ளை. அவர் கேட்டு என் மாமியார் எதையும் மறுத்ததில்லை. அன்று காலை குழந்தைகள் நீச்சல் உடை மாட்டிக்கொண்டு, ரோட்டோரத்தில் வாங்கிய ரப்பர் டியூபை மூச்சு வாங்க ஊதி முடித்து, விடுதி வாசலில் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை மூன்றாவது இட்லியைச் சட்னியில் தோய்த்தபடி சொன்னார்: "வந்தது வந்தோம், ஒரு எட்டு எல்லாத்தையும் பாத்துட்டு அப்புறம் கடலுக்குப் போயிடலாமே."

"மாப்பிள்ளை ஆசைப்படறார்" என்றார் மாமியார். முடிந்தது.

உங்கள் வீட்டிலும் இவர் இருக்கிறார். உறவுமுறைதான் வேறாக இருக்கும். சூரிய உதயம் பார்க்கக் கன்னியாகுமரிக்குப் போனவர்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஓட்டிப்போய் மர உத்தரங்களை அண்ணாந்து பார்க்க வைத்தவர் இவர்தான். தரங்கம்பாடியில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று டேனிஷ் கோட்டையைப் படமெடுப்பவரும் இவர்தான். டேனிஷ்காரர்கள் 1620-இல் அந்தக் கோட்டையைக் கடல் பார்த்த வாக்கில் கட்டி, ஆசை தீரக் கடலைப் பார்த்துவிட்டு, 1845-இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு இருந்த பொறுமை நம் மாப்பிள்ளைகளுக்கு இல்லை.

இந்த வியாதிக்கு என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. பைசா செலவில்லாதது, மாமியார் மனமும் கோணாதது. சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் கடற்கரைக் கோயில். ராஜசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது, யுனெஸ்கோ 1984-இல் பட்டியலில் சேர்த்தது, இரண்டு சிவன் சன்னதிகளுக்கு நடுவே ஒரு பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். உப்புக்காற்று சிற்பங்களின் மூக்கையும் கண்ணையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. கோயிலைக் காப்பாற்றக் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலையைத் தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் என் பையன் வேலிக்கு இந்தப் பக்கம் இடுப்பில் டியூபோடு நின்று, அந்தப் பக்கம் இருந்த கடலைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

இங்கேதான் டிக்கெட் என்கிற சனியன் வருகிறது. தலைக்கு 40 ரூபாய். பதினைந்து வயது வரை குழந்தைகளுக்கு இல்லை. வெளிநாட்டுக்காரர் என்றால் 600. மாப்பிள்ளை அந்தப் பலகையைப் படித்துவிட்டு, வெள்ளைக்காரராகப் பிறக்காததால் நாம் மிச்சம் பிடித்த தொகையைக் கூட்டிச் சொன்னார். அதோடு விட்டாரா? இதே டிக்கெட்டில் ஐந்து ரதமும் பார்க்கலாம், இன்றைக்கே பார்த்தால்தான் உண்டு என்றார். அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு தீவிரம் வந்துவிட்டது. கொடுத்த காசுக்கு இரண்டாவது இடத்தையும் பார்த்தாக வேண்டும். கடலுக்கு யாரும் டிக்கெட் போடவில்லை. ஆகவே அதைப் பார்க்காமல் விட்டால் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான்கு பேர் சேர்ந்து யோசித்தும் இந்தக் கணக்கில் யாருக்கும் கோளாறு தெரியவில்லை.

ஐந்து ரதங்களுக்குப் போகும்போது உச்சிப்பொழுது. மே மாதம். ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, பெயர்கள் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை, திரௌபதி ரதத்துக்குள் இருப்பது துர்க்கை என்று மாப்பிள்ளை உரத்த குரலில் விளக்கினார். பக்கத்தில் ஒரு தாத்தா தன் பேத்திக்குப் பீமன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பாவம், அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். ரதங்களும் பாதியில் நிற்பவைதான். வேலையை முடிக்காமலே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்களாம். மே மாதம் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பாறைமேல் ஐந்து நிமிடம் நின்றால் விவாதம் முடிந்துவிடும்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறீர்களா? பைகளோடு இருந்தேன். எந்தப் புராதனச் சின்னத்துக்குப் போனாலும் குடும்பத்தில் ஒருத்தி பைகளோடு நிற்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் கேன், புளியோதரை டப்பா, மாமியாரின் மாத்திரைப் பை, எல்லாருடைய செருப்பு, அந்த டியூப். தர்மராஜ ரதத்தின் நாலு பக்கச் சிற்பமும் அற்புதம் என்கிறார்கள். பை வைத்த பக்கத்துக்கு மட்டும் நான் சாட்சி.

அடுத்தது அர்ச்சுனன் தபசு. அது அர்ச்சுனன் தபசே இல்லை, பகீரதன் தவம், கங்கை இறங்கும் காட்சி என்று மாப்பிள்ளைக்கும் அங்கே வேறொரு கூட்டத்தோடு வந்த வழிகாட்டிக்கும் வாக்குவாதம். இருவரும் பாறையைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துப் பேசினார்கள். மாமியாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: "இதுல எந்தச் சாமியைக் கும்பிடணும்?" சன்னதி இல்லை, குருக்கள் இல்லை, தீபாராதனை இல்லை. கண் புரை வேறு. கையைத் தூக்கி நின்று தவம் செய்கிற உருவம் ஒன்று யானைக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்திருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது பூனை. எலிகளை ஏமாற்றுவதற்காகத் தவம் செய்வதாகப் பாவனை செய்யும் அந்தப் பிரசித்திபெற்ற பூனை. நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பாறையிலேயே எங்கள் குடும்பத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஜீவன் அது ஒன்றுதான்.

என் திட்டத்துக்கு வருகிறேன். ஆனால் நடுவில் வெண்ணெய் உருண்டை குறுக்கே நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக முடியாது.

கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை சுமார் ஆறு மீட்டர் உயரம், 250 டன் எடை என்கிறார்கள். பாறைச் சரிவில் உருண்டுவிடப் போவதாகப் பயமுறுத்திக்கொண்டு, உருளாமல் நிற்கிறது. 1908-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலி, ஊருக்கு ஆபத்து என்று ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னாராம். கல் அசையவில்லை என்பார்கள். அப்படிப்பட்ட கல்லை என் குடும்பம் தாங்கிப் பிடிக்கத் தீர்மானித்தது.

தாங்குவதில் வகைகள் உண்டு. இரண்டு கையாலும் தாங்குவது ஆரம்பப் பாடம். ஒரு கையால் தாங்கி மறுகையை இடுப்பில் வைப்பது கல்லூரிப் பையன்கள் பாணி. முதுகைக் கொடுத்துத் தாங்குவது புதுமாப்பிள்ளைகள். ஒற்றை விரலால் தாங்குவது அரசு ஊழியர்கள், அதுவும் குழுவாக வந்தவர்கள். தலையால் முட்டித் தாங்கிய ஒருவரையும் பார்த்தேன். அவருக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ. காலால் உதைத்து நிறுத்துவது சிறுவர்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து தாங்குவது தேனிலவுத் தம்பதிகள், அதில் ஒருவர் தாங்க மற்றவர் இன்னொரு கையால் வேறொரு செல்ஃபி எடுப்பார்.

இதில் யாரும் கல்லைத் தொடுவதில்லை என்பதுதான் விசேஷம். கல் அங்கே மேலே இருக்கிறது, ஆள் இங்கே கீழே. படமெடுப்பவர் இரண்டையும் ஒட்டவைக்க வேண்டும். அதற்காக அவர் குந்துவார், மண்டியிடுவார், கடைசியில் படுத்தே விடுவார். படுத்துக்கொண்டு உத்தரவு போடுவார். "கையை மேல தூக்குங்க. இன்னும். அய்யோ, அவ்வளவு இல்ல. கொஞ்சம் இடது பக்கம். உங்க இடது இல்ல, என் இடது." என் வீட்டுக்காரர் கால்சட்டை முழங்காலில் கிழியும்வரை உத்தரவு போட்டார். மாமியார், பாவம், உள்ளங்கையைக் கொஞ்சமாகத் திருப்பி, சூடு ஆறிவிட்டதா என்று தோசைக்கல்லைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி நின்றார். படத்தில் அவர் கைக்கும் கல்லுக்கும் நடுவே மூன்றடி வானம். திரும்ப எடுத்தார்கள். இம்முறை கை கல்லுக்குள் போய்விட்டது. மறுபடியும் எடுத்தார்கள். சரியாக வந்தது, ஆனால் அதே கல்லைப் பின்னாலிருந்து முன்பின் தெரியாத ஒரு விருதுநகர்க்காரரும் தாங்கிக்கொண்டிருந்தார். அவர் பனியனில் ஊர்ப்பெயர் இருந்ததால் சொல்கிறேன். அவரை நகரச் சொன்னார்கள். அவர், "என் படத்துல உங்கம்மா இருக்காங்க, நீங்க நகருங்க" என்றார். நியாயமான பேச்சு.

பிறகு நாத்தனார் தாங்கினார். நாத்தனார் பெண் தாங்கினாள், முகத்தில் பளு தெரியவில்லை என்று மறுபடி தாங்க வைக்கப்பட்டாள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கும் பெரியப்பா தாங்கினார், டாக்டர் எடை தூக்கக் கூடாது என்றிருக்கிறாரே என்று பெரியம்மா உண்மையாகவே பதறினார். இதற்குள் என் பையன் டியூபோடு பாறையில் சறுக்கத் தொடங்கியிருந்தான். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி அந்தச் சரிவை மெழுகி வைத்திருக்கிறார்கள். டியூப் அங்கேதான் போனது. கடலில் போகவில்லை, பல்லவர் பாறையில் போனது.

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இதே கல்லின் முன் கையைக் கோத்து உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து அந்த இடத்தில் கல்லைத் தாங்காமல் நின்ற பெரியவர்கள் அவர்கள் இருவர்தான். எல்லைத் தகராறு ஆயிரம் இருக்கட்டும், அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் நிதானம் இருந்திருக்கிறது.

எரிச்சலில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எரிச்சல்தான், ஆனால் காரணம் இருக்கிறது. அந்தக் கல்லை எங்களில் யாரும் பார்க்கவில்லை. பக்கத்துப் பாறைகளில் சாவியாலும் ஆணியாலும் கீறிய காதலர் பெயர்களையும் அம்புவிட்ட இதயங்களையும் பார்த்தோம். அதில் ஒன்றின் கீழே குழந்தைகள் உட்கார்ந்து சிப்ஸ் தின்றார்கள். பொட்டலத்தை நான்தான் பொறுக்கினேன், பைகளோடு இருப்பவள் என்பதால்.

சிவகாமியின் சபதத்தை எத்தனையோ முறை படித்த என் மாமியார், ஆயனர் வீடு எங்கே இருந்திருக்கும் என்று காரில் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கதைக்கு விதை எங்கே விழுந்தது என்று கல்கியே எழுதியிருக்கிறார்: ரசிகமணி டி.கே.சி.யோடும் நண்பர்களோடும் ஒரு நிலா இரவில் மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தபோது. கவனியுங்கள், உட்கார்ந்திருந்தபோது. அவர் கூட மாப்பிள்ளை யாரும் வரவில்லை என்று தெரிகிறது. வந்திருந்தால் மகேந்திர பல்லவனும் நாகநந்தியும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். வெண்ணெய் உருண்டையைக் கல்கி தாங்கும் படம் ஒன்று கிடைத்திருக்கும்.

கலங்கரை விளக்கத்துக்கும் போனோம். மேலே ஏறினால் கடல் நன்றாகத் தெரியும் என்று மாப்பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னார்.

சின்னங்களை மூடும் ஆறு மணிக்குத்தான் நாங்கள் மணலை மிதித்தோம். வெயில் தாழ்ந்து கடல் நன்றாக இருக்கும் நேரமும் கல் ஆறி நடக்கத் தோதாக இருக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்திருப்பது இந்த ஊரின் சாபம். ஒவ்வொரு முறையும் கல்தான் ஜெயிக்கிறது. மாமியார் கால் நனைத்தார். நாத்தனார் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலை வரும்போது பின்னால் ஓடினார். ஒரு கூம்பு சுண்டல் தீர்வதற்குள் விசில் சத்தம், இருட்டிவிட்டது, மேலே வாருங்கள் என்று. அந்தக் கடலில் இழுப்பு அதிகம், விசில் ஊதியவர் மேல் குறை சொல்ல மாட்டேன். பையன் அழுதான். மாப்பிள்ளை அவனைத் தட்டிக்கொடுத்து, "நாளைக்குக் காலைல பூரா கடல்தான்டா" என்றார்.

மறுநாள் காலை பெட்டிகளை ஏற்றி ஊருக்குக் கிளம்பினோம். போகிற வழியில்தானே என்று சாளுவன்குப்பத்தில் வண்டி நின்றது. அங்கே புலிக்குகை. அதற்குப் பக்கத்தில் 2005-இல் தோண்டி எடுத்த பழைய முருகன் கோயில், அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். 2004-இல் வந்த சுனாமி மணலை வாரிக்கொண்டு போனதில் ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்திருக்கிறது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். அதாவது, பார்க்க இன்னும் ஒன்று இருக்கட்டும் என்று கடலே தோண்டிக் காட்டியிருக்கிறது. கடலும் மாப்பிள்ளை கட்சி என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எழுதி வைத்திருந்த திட்டத்தை அங்கேயே மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அடுத்த லீவுக்கு ராமேஸ்வரம் என்று குழுவில் செய்தி வந்திருக்கிறது. 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர், ரயில் நிலையச் சுவர் என்று மாப்பிள்ளை பட்டியலே போட்டுவிட்டார். இரண்டு பக்கமும் கடல் இருக்கும் ஊரில் சுவர் பார்க்கப் போகிறோம். இந்தக் கட்டுரையைப் படிக்கும் தனுஷ்கோடி வேன்காரர்கள் யாராவது இருந்தால், கோயம்புத்தூர்ப் பதிவெண் காரிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி உங்களிடம் வழி கேட்பார். சுவரெல்லாம் போன மாதமே விழுந்துவிட்டது என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.