இரண்டு கோடு சிக்னல்

"லீவு எதுக்கு? அதான் கையில போன் இருக்கே, ஊர்ல இருந்தே பாத்துக்குங்க" என்றார் மேனேஜர். அதைச் சலுகை என்று நம்பி, ஊர் முழுக்க அவரைப் புகழ்ந்தவன் நான்.

ஆபீசே சட்டைப் பைக்குள் வந்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. எக்செல் ஷீட்டின் இடது ஓரத்தில் வாடிக்கையாளர் பெயர், வலது கோடியில் பாக்கித் தொகை. பெயர் தெரிந்தால் தொகை தெரியாது. தொகைக்குத் தள்ளினால் பெயர் ஓடிப்போகும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பதன் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. ஒருமுறை எழுத்தைப் பெரிதாக்கப் போய், ஒருவரின் பாக்கியையே கட்டைவிரலால் அழித்துவிட்டேன். அந்த மாதம் ஆபீசில் என்னைப் பற்றி நல்லவிதமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

"மெசேஜைப் பாக்கலை சார்" என்று ஒரு நல்ல பொய் முன்பு புழக்கத்தில் இருந்தது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் நீல டிக்கைக் கொண்டுவந்து அதன் கதையை முடித்தது. சில நாளிலேயே டிக்கை மறைக்கும் வசதியையும் தந்தார்கள். மறைத்தேன். "உங்களுக்கு மட்டும் ஏன் நீலமாகல?" என்று கேட்டார் மேனேஜர். மறுபடி நீலமாக்கிக்கொண்டேன்.

பிரான்சில் 2017 முதல் இதற்கொரு சட்டம் உண்டு. 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு போனை விட்டு விலகி இருக்கும் உரிமை குறித்து ஊழியர்களுடன் பேசி முடிவுசெய்ய வேண்டும். நம் மக்களவையிலும் சுப்ரியா சுலே இதே உரிமைக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நம் நாட்டில் தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-இல். ஆகவே போனில் சார்ஜை நிரப்பி எடுத்துக்கொண்டு, சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன்.

ஊரில் சிக்னல் ஓரிடத்தில்தான் வரும். கோயிலுக்குப் பின்னால் பூவரசமரத்தடியில் கவிழ்ந்து கிடக்கும் பழைய ஆட்டுரல். அதன்மேல் ஏறி நின்று, முகத்தைக் கிழக்கே திருப்பினால் இரண்டு கோடு. மேற்கே திரும்பினால் அதுவும் போய்விடும். மதியக் கொடை நேரத்தில் மீட்டிங். ஏறி நின்றேன். அந்தப் பக்கமாக வந்த அத்தை நின்று பார்த்தாள்.

"ஏன்யா, ஆபீசுல நிக்க வச்சுத்தான் சம்பளம் தாராவளா?"

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மேளம் உச்சத்துக்குப் போனது. குலவைச் சத்தம். சாமியாடி அருள் வந்து, பெரியப்பாவைத் தேடிக்கொண்டு நேராக மரத்தடிக்கே வந்துவிட்டார். பெரியப்பா என் ஆட்டுரலுக்குப் பின்னால்தான் பதுங்கியிருந்தார். போன வருடம் நேர்ந்துகொண்ட கிடாய் இன்னும் அவர் தொழுவத்தில்தான் நின்றது.

"ஏலே! போன வருசம் தாரேன்னு சொன்னியே, தந்தியாலே? கேக்கும்போதெல்லாம் அடுத்த வருசம், அடுத்த வருசம்னு சொல்லுதியே! எத்தனை நாளைக்கு ஏமாத்துவ?"

பெரியப்பா நடுங்கிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன்: நான் மியூட் போடவில்லை.

போனில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மேனேஜரின் குரல், இதுவரை நான் கேட்டிராத மரியாதையோடு வந்தது.

"அது வந்துங்க... இன்கிரிமென்ட் ஃபைல் ஹெச்.ஆர்.ல இருக்குங்க. இந்த மாசமே போட்டுடலாங்க. பேசறது அப்பாங்களா?"

மாடன் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு கோடும் போய்விட்டன.

அந்த மாதமே இன்கிரிமென்ட் வந்தது. பெரியப்பாவும் கிடாயைக் கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் கொடைக்கு லீவு கேட்டால் மறுபேச்சில்லாமல் மூன்று நாள் கிடைக்கிறது. மேனேஜர் போடும் நிபந்தனை ஒன்றே ஒன்று: ஊர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனை அணைத்துவிட வேண்டும்.