வரட்டும், பார்க்கலாம்

ஹோம் தியேட்டர் விஷயத்தில் ‘காத்திருப்போர் கட்சி’ என்று ஒன்று உண்டு. ப்ளூ-ரேயோடு மல்லுக்கட்டிய எச்.டி. டிவிடியை 2008 பிப்ரவரியில் தோஷிபா கைகழுவியதே, அதுதான் இவர்களின் பொற்காலம். முந்திக்கொண்டு பிளேயர் வாங்கியவர்களைப் பார்த்து அன்று சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. 3டி டிவியும் 2017 வாக்கில் மூட்டை கட்டியதா, கட்சிக்கு இன்னும் தெம்பு.

2025 செப்டம்பர் 22-ல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. சரி, அன்றைக்காவது வாங்கினார்களா? தீபாவளி ஆஃபர் வரட்டும் என்றார்கள். வந்தது. ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சி இருக்கிறதே, புது மாடல் தெரியட்டும் என்றார்கள். தெரிந்தது. பழைய மாடல் விலை இறங்கட்டும் என்றார்கள். இறங்கியதும், “பழசை எவன் வாங்குவான்?”

டிவியும் ரிசீவரும்தான் சீக்கிரம் பழசாகும். நல்ல ஸ்பீக்கர் பத்து வருடம் கழித்தும் பாடும், அதையாவது வாங்குங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் அட்மாஸுக்குக் கூரையில் ஸ்பீக்கர் பதிக்க வேண்டுமாம், வீட்டு ஓனர் ஆணியே அடிக்க விடமாட்டாராம்.

முதலில் சொந்த வீடு. அதற்கும் வட்டி குறையட்டும் என்றிருக்கிறார்கள்.